சங்கு ஊதாத தண்ணீர்

"கீழை நல்ல மணல் காணி கிடக்க, இந்த மனுசன் ஏன் கல்லுக்கு மேலை ஏறிக் குந்தியிருக்கிறார், தம்பி?"

எங்கள் வீதி முனையில் சைக்கிளை நிறுத்தி என்னிடம் இப்படிக் கேட்டவர் பாக்கியரத்தினம் என்பவர். அவருடைய தங்கை மகன் எட்வினுக்கு, எங்கள் அயலில் இருக்கும் நிக்கலஸ் மாமாவின் மகள் சீலாவைப் பேசியிருந்தார்கள். கலியாணப் பேச்சு என்றால் எங்கள் பக்கத்தில் முதலில் அயலில்தான் விசாரிப்பார்கள். பள்ளிக்கூடம் முடித்து, சோதனை மறுமொழிக்காகக் காத்துக்கொண்டு, நாள் முழுக்க வீதி முனையில் நிற்கிறவன் நான். ஆகவே என்னிடம் விசாரித்தார்.

மற்றக் கேள்விகளுக்கெல்லாம் மறுமொழி சொன்னேன். நிக்கலஸ் மாமா குடிப்பதில்லை, ஞாயிறு பூசை தவறுவதில்லை, யாரோடும் சண்டையில்லை என்றேன். இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்கு மறுமொழி தெரியவில்லை.

"காணியிலை வழக்கு ஏதும் கிடக்கோ?"

"இல்லை."

"மனுசனுக்கு மண்டை பிழையோ?"

"அப்பிடி ஒண்டுமில்லை, ஐயா."

"பக்கத்து வீட்டுப் பிள்ளை, இதுகூடத் தெரியாதோ? அப்ப நீர் இந்த முனையிலை நிண்டு என்ன செய்யிறீர்?" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

இப்போது எனக்கு மறுமொழி தெரியும். அதைத்தான் எழுதுகிறேன்.

நிக்கலஸ் மாமா திருகோணமலைக்கும் மூதூருக்கும் இடையில் ஓடும் லாஞ்சியில் சுக்கான் பிடிக்கிறவர். சுதந்திரம் கிடைத்த ஆண்டில் லாஞ்சி வேலைக்குப் போனவர் இன்றும் அதிலேயே இருக்கிறார். மாரிகாலத்தில் கொட்டியாரக் குடாவில் அலை லாஞ்சியின் மேல்தட்டுக்கு ஏறும். உள்ளே இருப்பவர்கள் அவரவர் கடவுளைக் கூப்பிடுவார்கள். அவர் ஒரு கையில் சுக்கானைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் கச்சான் கடலை உடைத்துத் தின்பார். மூதூரிலிருந்து பாய் விற்க வரும் மைமூனா உம்மா, "நிக்கலஸ் தம்பி கச்சான் தின்னுறதை நிப்பாட்டினால்தான் நான் பயப்படுவன்" என்று சொல்வதை நானே கேட்டிருக்கிறேன்.

இப்படிப்பட்டவர் கரையில் மட்டும் கடலுக்குக் கிட்ட ஓர் இரவும் படுக்கமாட்டார். திருகோணமலை உள்துறைமுகத்தை ஒட்டிய எங்கள் குடாவில் இது பழைய பகிடி.

அவருடைய மனைவி ஐவி மாமிக்குத் தாய்வழியாக வந்த சீதனக் காணி ஒன்று உள்துறைமுகக் கரையில் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுக்குத்தான். ஐவி மாமிக்குப் பிறகு அது சீலாவுக்குப் போகும். பன்னிரண்டு தென்னைகளும் நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றும் அங்கே உண்டு. நடுவில் கருங்கல் அத்திவாரம் ஒன்றின் மேல் சுவர் இடுப்பளவுக்கு எழும்பி, அப்படியே நின்றுபோய்க் கிடக்கிறது. கதவு வைக்க விட்ட இடைவெளியால் ஆடுகள் போய் வரும்.

அவர்கள் குடியிருப்பது அதற்கு மேலே, கல்மேட்டில். அங்கே கிணறு இல்லை. ஒருமுறை வெட்டிப் பார்த்தார்கள். நெஞ்சளவு ஆழத்தில் பாறை வந்துவிட்டது. எனவே குடிக்கவும் சமைக்கவும் கீழ்க் காணியிலிருந்து தண்ணீர் தூக்கவேண்டும். காலையும் பின்னேரமும் ஐவி மாமி குடத்தோடு அந்தக் கல்லுப் பாதையில் ஏறுவதைப் பார்த்தே நான் வளர்ந்தேன். சீலா அக்காவும் தாயின் தோளுக்கு உயர்ந்த நாளிலிருந்து ஏறினார்.

ஏன் என்று கேட்டால் ஐவி மாமி, "அவருக்கு ரோசம். பெண்சாதியின்ரை காணியிலை இருக்கிறார் எண்டு ஊர் சொல்லக்கூடாதாம்" என்பார். அதைக் குறையாகச் சொல்கிறாரா பெருமையாகச் சொல்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியாது. நிக்கலஸ் மாமாவிடம் யாராவது கேட்டால், "மேலை காத்து நல்லம்" என்பார். அதோடு கதை முடிந்துவிடும்.

மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று அயலவர் என்று எங்கள் வீட்டாரையும் கூப்பிட்டிருந்தார்கள். கதிரை போதாமல் எங்கள் வீட்டுக் கதிரைகளும் போயின. பாக்கியரத்தினம் நடுவில் இருந்தார். எட்வின் ஓரமாக இருந்தார். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக வேலை செய்கிறவர். விரல் நகங்களில் கிறீஸ் போகும்வரை உரஞ்சிக் கழுவிவிட்டு வந்திருந்தார் என்பது பார்த்தாலே தெரிந்தது. சீலா அக்கா தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் குசினிக் கதவருகே தாயோடு நின்றுகொண்டார். அவருக்கு இந்தச் சம்பந்தம் பிடித்திருந்தது. முன்பு இரண்டு பேச்சு வந்து நழுவிப்போனதும் எல்லோருக்கும் தெரியும்.

பாக்கியரத்தினம் நேராகவே விஷயத்துக்கு வந்தார்.

"எங்களுக்கு நகை நட்டு ஒண்டும் வேண்டாம். அந்தக் கீழ் வீட்டை முடிச்சுப் பிள்ளையின்ரை பேரிலை எழுதிவிடுங்கோ. அத்திவாரம் கிடக்கு, சுவரும் அரைவாசி கிடக்கு. கூரை ஏத்தினால் சரி. ஆவணியிலை கலியாணத்தை வைப்பம்."

யாருக்கும் இதில் பிழை சொல்ல இடமில்லை. ஐவி மாமியின் முகம் மலர்ந்ததை நான் கண்டேன்.

நிக்கலஸ் மாமா சொன்னார்: "அந்த இடத்திலை என்ரை பிள்ளை இரவிலை படுக்கிறதுக்கு நான் விடமாட்டன்."

பாக்கியரத்தினம் கோப்பையைக் கீழே வைத்தார். "ஏன், பேய் உலாவுதோ?"

"பேய் எண்டால் பாதரைக் கூட்டிக்கொண்டு வந்து கலைச்சிருப்பன்."

"அப்ப என்ன?"

சம்பந்தம் கைநழுவுகிறது என்பது நிக்கலஸ் மாமாவுக்கும் விளங்கியிருக்கவேண்டும். சொல்லத் தொடங்கினார். அவர் சொன்னதை என் வசனத்தில் எழுதுகிறேன்.

நாற்பத்தொன்றாம் ஆண்டு அவருக்குப் பன்னிரண்டு வயது. உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. துறைமுகம் முழுக்க வெள்ளைக்காரக் கடற்படையின் கையில் இருந்தது. நீர்மூழ்கிகள் உள்ளே வராதபடி துறைமுக வாயில் இரும்பு வலை போட்டிருந்தார்கள். கடலில் என்ன புதினம் நடந்தாலும் அது வெள்ளைக்காரன் செய்கிற வேலை என்றுதான் எங்கள் குடாவில் எடுத்துக்கொள்வார்கள். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருந்தது. கடற்படை தண்ணீருக்கடியில் வெடி வைத்துப் பழகும் நாட்களில் மீன் மயங்கி மிதக்கும். குடா முழுக்கக் கூடையோடு இறங்கி அள்ளும். வெடிக்கு முன்னே டொக்யாட் என்ற கடற்படைக் கப்பல்துறையில் ஆபத்துச் சங்கு ஊதுவார்கள். சங்கு கேட்டால் கரைக்கு ஏறிவிட வேண்டும்; ஓய்ந்தால் இறங்கலாம். குழந்தைகளுக்கும் அந்தச் சட்டம் தெரியும்.

ஆனி மாதத்தில் ஒரு காலை குடாவில் தண்ணீர் வற்றியது. கட்டியிருந்த தோணிகள் சேற்றில் சரிந்தன. யாரும் ஒருநாளும் காணாத அடிச்சேறு வெளியே தெரிந்தது. அதில் மீன்கள் துள்ளின. இங்கே நிலம் அசையவில்லை, காற்றுமில்லை, மழையுமில்லை.

"வெள்ளைக்காரன் துறைமுக வாயை அடைச்சுப்போட்டான். கப்பலின்ரை அடியைப் பாக்கிறதுக்குத் தண்ணியை இறைக்கிறான்" என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் அதை நம்பினார்கள். வலை போட்டு வாயை மூடத் தெரிந்தவனுக்குத் தண்ணீரை இறைக்கத் தெரியாதா என்பது அவர்களுடைய நியாயம். திரும்ப விடுகிறபோது சங்கு ஊதுவான், அப்போது ஏறலாம் என்று சிரித்துக்கொண்டே இறங்கினார்கள்.

நிக்கலஸ் மாமாவின் அக்கா மரியமலரும் இறங்கினார். அவருக்குப் பதினாறு வயது. முதல் கூடையை நிரப்பித் தம்பியிடம் கொடுத்து, "அம்மாட்டைக் குடுத்திட்டு ஓடி வா, இன்னும் ரெண்டு அள்ளுவம்" என்றார். தம்பி கூடையோடு வீட்டுப் படியில் ஏறினான். திரும்பிப் பார்த்தபோது கடல் வந்துகொண்டிருந்தது.

சுவர் போன்ற அலையாக அது வரவில்லை என்று நிக்கலஸ் மாமா சொன்னார். குடா முழுவதும் ஒரேயடியாக உயர்ந்தது. ஓடுகிற மனிதனைவிடச் சற்றுக் கூடிய வேகம், அவ்வளவுதான். கரைக்குக் கிட்ட நின்றவர்கள் ஏறிவிட்டார்கள். சிலர் தோணிகளைப் பிடித்துக்கொண்டு தப்பினார்கள். மரியமலர் எல்லோரையும்விடத் தூரத்தில், பழைய இறங்குதுறைத் தூண்களுக்குக் கிட்ட, முழங்கால் அளவு சேற்றில் நின்றார். தண்ணீர் வீட்டு வாசல்கள் வரை வந்து, ஒன்றும் நடக்காததுபோலத் திரும்பிப் போனது. மத்தியானத்துக்குப் பிறகு அவரைக் கண்டெடுத்தார்கள். கூடைக்கயிறு மணிக்கட்டில் அப்படியே இருந்தது.

கடைசி வரைக்கும் சங்கு ஊதவில்லை.

அவர்களுடைய தாய் டொக்யாட் வாசலுக்குப் போய், சங்கு ஊதாமல் தண்ணீரைத் திறந்துவிட்டு என் பிள்ளையைக் கொன்றீர்கள் என்று கத்தினார். நாங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று அங்கே சொன்னார்கள். அது உண்மை. குடாவில் ஒருவரும் அதை நம்பவில்லை. கரையில் இருந்த வீட்டை விற்றுவிட்டுக் கடலை விட்டுத் தள்ளிக் குடிபோனார்கள்.

அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் எல்லா முடிவுகளும் இதை வைத்தே நடந்தன. சுதந்திரம் கிடைத்த ஆண்டில் நிக்கலஸ் மாமாவுக்கு டொக்யாட்டில் வேலை கிடைத்தது. குடியிருக்க அறையும் தருவதாக இருந்தார்கள். அக்காவைக் கொன்றவர்களின் சோறு வேண்டாம் என்று தாய் சொன்னார். மகன் லாஞ்சியில் மேல்தட்டுக் கழுவப் போனார். பின்னர் அதே லாஞ்சியில் சுக்கான் அவர் கைக்கு வந்தது.

ஐம்பத்தேழில் வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போனது. அன்று தாய் பாற்கஞ்சி காய்ச்சி அயலுக்கெல்லாம் கொடுத்தார். அடைத்துத் திறந்தவன் போய்விட்டான், இனித் தண்ணீர் தன் பாட்டில் இருக்கும் என்று நிக்கலஸ் மாமாவும் நம்பினார். அப்போதுதான் ஐவி மாமியின் காணியில் அத்திவாரம் போட்டார். லாஞ்சி ஓடாத நாட்களில் அவரே கல் சுமந்தார். இரண்டு ஆண்டுகளில் சுவர் இடுப்பளவுக்கு வந்தது.

அறுபதாம் ஆண்டு வைகாசியில் ஒருநாள் மூதூர் இறங்குதுறையில் சரீப் என்பவரின் தேத்தண்ணீர்க் கடையில் இருந்தார். வானொலியில் செய்தி வாசித்தார்கள். சிலி என்ற நாட்டுக்குப் பக்கத்தில் கடலுக்கடியில் பூமி நடுங்கியதாம். அந்த அதிர்வால் எழும்பிய கடல் உலகத்தின் பாதித் தூரம் ஓடி, அடுத்த நாள் ஜப்பானில் ஊர்களுக்குள் புகுந்ததாம். ஜப்பானில் நிலம் அசையவில்லையாம். கடல் முதலில் உள்ளே வாங்கியதாம்.

சரீப் தேத்தண்ணீர் ஆற்றிக்கொண்டே சொன்னார்: "இஞ்சையும் அப்பிடி ஒருக்கா வந்ததெண்டு எங்கட வாப்பா சொல்லுவார். அவர் அப்ப பர்மாக் கப்பல்லே இருந்தவர். சண்டைக் காலத்திலே அந்தமான் பக்கம் கடலுக்குள்ளே பெரிய நடுக்கமாம்."

"எந்த வருசம்?"

"நாப்பத்தொண்டு. ஏன் மச்சான், தேத்தண்ணியைக் குடியாமப் பாத்துக்கொண்டிருக்கே?"

நிக்கலஸ் மாமா அன்று பின்னேரம் லாஞ்சியை வழக்கம்போலக் கொண்டுவந்து கட்டினார். அடுத்த நாள் மேசனை வரவேண்டாம் என்று சொன்னார். கல்மேட்டில் ஒரு துண்டு நிலம் தேடினார்.

"வெள்ளைக்காரன் செய்ததெண்டால் அவன் போனதோடை முடிஞ்சுது. கடல் செய்ததெண்டால் அது எங்கையும் போகேல்லை. இஞ்சைதானே கிடக்கு" என்று சொல்லி நிறுத்தினார்.

முதலில் பேசியவர் ஐவி மாமிதான். குசினிக் கதவடியிலிருந்து கேட்டார்.

"அப்ப உங்களுக்கு ரோசம் இல்லையோ?"

"ரோசமோ? எனக்கோ?"

"இருவது வருசமா உங்களுக்கு ரோசம் எண்டெல்லே நான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரியிறன்."

எங்கள் அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்தினார். சீலா அக்கா சிரிக்கவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் இருக்கும்போது பெண் வாய் திறப்பதில்லை. அவர் திறந்தார்.

"தண்ணி தூக்கினது நானும் அம்மாவும், அப்பா. ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

நிக்கலஸ் மாமா தரையைப் பார்த்துக்கொண்டு மறுமொழி சொன்னார். "அப்பாச்சி உயிரோடை இருக்குமட்டும் ஏலாமப் போச்சு. மனுசி வெள்ளைக்காரனைத் திட்டித் திட்டித்தான் உயிர் வைச்சிருந்தது. ஒருத்தரும் செய்யேல்லை எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது? அவ போனாப் பிறகு, எங்கை துவங்கிறதெண்டு தெரியேல்லை."

பாக்கியரத்தினம் கெட்டவர் அல்ல. அவர் சொன்னதும் நியாயம்தான். "அக்கா போனது கவலைதான். ஆனா அது நடந்து நாப்பது வருசமாச்சு. அப்பிடிப் பாத்தால் இந்தப் பட்டினத்திலை ஒருத்தரும் குடியிருக்க ஏலாது. நாங்களும் கரையிலைதானே இருக்கிறம்." பிறகு எழும்பினார். "யோசிச்சுச் சொல்லுறம்."

யோசித்துச் சொல்கிறோம் என்றால் வேண்டாம் என்று பொருள். எட்வின் மாமனுக்குப் பின்னால் இறங்கிப் போனார். பாதையின் நடுவில் நின்று கீழே கிணற்றையும் மேலே வீட்டையும் ஒருமுறை பார்த்தார். நாங்கள் எங்கள் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு வந்தோம். அந்தக் கிழமை முழுக்கச் சீலா அக்கா தண்ணீருக்கு மட்டும் போய் வந்தார். அவரை முந்திக்கொண்டு ஒருநாள் நிக்கலஸ் மாமா குடத்தை எடுத்தபோது, "வையுங்கோ, பழகின கை தூக்கட்டும்" என்று வாங்கிக்கொண்டார்.

ஞாயிறு பூசை முடிந்து எட்வின் தனியாக வந்தார். வாசலில் நின்று, "ரெண்டு வாளி தாங்கோ, மாமி" என்று கேட்டார். ஐவி மாமி ஒன்றும் விளங்காமல் கொடுத்தார். எட்வின் கீழே இறங்கினார். பூசைக்குப் போட்ட வெள்ளைச் சேட்டோடு தண்ணீர் அள்ளி, இரண்டு வாளியையும் தூக்கிக்கொண்டு கல்லுப் பாதையில் ஏறினார். நானும் அயலில் நாலைந்து பேரும் வேலியடியில் நின்று பார்த்தோம். மேலே வந்து வாளிகளை வைத்துவிட்டு மூச்சு வாங்கினார்.

ஐவி மாமி வாளியை எட்டிப் பார்த்தார். "அரைவாசியைப் பாதைக்கு ஊத்திப்போட்டீர், தம்பி."

"மிச்ச அரைவாசியை ஆர் எடுக்கிறது?" என்று குசினிக்குள்ளிருந்து சீலா அக்காவின் குரல் கேட்டது.

எட்வின் வாளிகளை எடுத்துக்கொண்டு மறுபடி இறங்கினார்.

கலியாணம் ஆவணியில்தான் நடந்தது. பாக்கியரத்தினம் வந்தார், நன்றாகச் சாப்பிட்டார், கீழே பார்த்து, "கூரை போட்டிருந்தால் நல்ல வீடு" என்று என்னிடம் சொன்னார். புது வீட்டை மேட்டிலேயே, தாய் வீட்டுக்குப் பக்கத்தில் கட்டினார்கள். கல் வாங்கவில்லை. கரையில் கிடந்த அத்திவாரத்தைக் கிளப்பி, ஒவ்வொரு கல்லாக மேலே சுமந்தோம். நிக்கலஸ் மாமா ஒருகாலத்தில் தானே வைத்த கற்களைத் தானே பிடுங்கித் தந்தார். பழைய பஸ் இயந்திரம் ஒன்றைக் கிணற்றடியில் பூட்டித் தண்ணீரை மேலே ஏற்றுவேன் என்று எட்வின் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதுவரைக்கும் காலைத் தண்ணீர் அவருடையது. பின்னேரத் தண்ணீரை லாஞ்சியால் வந்ததும் நிக்கலஸ் மாமா தூக்குகிறார். இப்போது அவரை யாரும் தடுப்பதில்லை.

இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "எழுதும். ஆனா நான் கடலுக்குப் பயந்தவன் எண்டு எழுதாதையும்" என்றார். அவர் பயந்தவர் அல்ல. நேற்றும் கச்சான் தின்றுகொண்டுதான் லாஞ்சி ஓட்டினார்.

நாற்பத்தொன்றில் நம் கரைக்கு அந்தத் தண்ணீர் வந்ததைப் பற்றி எழுதி வைத்ததாக எதையும் நான் காணவில்லை. அதைக் கண்டவர்களில் அநேகர் போய்விட்டார்கள். இருப்பவர்களில் சிலர் வெள்ளைக்காரன்தான் செய்தான் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். அப்படிச் சொன்னால், அவன் போய்விட்டான், இனி வராது என்று பிள்ளைகள் நினைப்பார்கள். ஆகவே இதை வாசிக்கிற நீங்கள், கரையில் குடியிருக்கும் யாருக்காவது சொல்லுங்கள். காற்றும் மழையும் இல்லாமல் கடல் வற்றி, சேற்றில் மீன் துள்ளுவதைக் கண்டால் கூடையைத் தேடவேண்டாம், மேட்டுக்கு ஏறட்டும். சங்குக்காகக் காத்திருக்கவேண்டாம். சொல்லும்போது நிக்கலஸ் மாமாவின் பெயரை விட்டாலும் பரவாயில்லை. மரியமலரின் பெயரை விடாமல் சொல்லுங்கள்.